குன்னூரில் டயாலிசிஸ்: பதினான்கு மாதம் போய்வந்தவன் எழுதுவது

ஹோட்டலுக்கும் ஹோம்ஸ்டேவுக்கும் நட்சத்திரம் போட்டு எழுத நம் மலைக்கு ஆள் பஞ்சமே இல்லை. வறுக்கி எந்தக் கடையில் நல்லா இருக்கும், ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வருமா, பாத்ரூமில் வெந்நீர் வருமா, எல்லாம் எழுதிவிட்டார்கள். மலையில் இருந்துகொண்டே டயாலிசிஸ் செய்துகொள்ள முடியுமா, எப்படி இருக்கும் என்று போன வருஷம் நான் ராத்திரி ராத்திரியாகத் தேடினேன். உருப்படியாக ஒரு வரி கிடைக்கவில்லை. அதனால்தான் இது.

மருத்துவமனையின் பெயரைப் போடப்போவதில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன், வருகிற வியாழக்கிழமை அப்பாவை அங்கேயேதான் கூட்டிக்கொண்டு போகவும் வேண்டும், புரிந்துகொள்ளுங்கள். குன்னூரில் ஒரு சின்ன இடம், ஐந்து மெஷின். இவ்வளவு போதும்.

அப்பாவுக்கு வயது 66. சிலோன் தோட்டத்தில் பிறந்து, எழுபதுகளில் சின்னப் பையனாகத் தாயகம் திரும்பி வந்த குடும்பம். டான்டீ என்கிற அரசுத் தேயிலைக் கழகத்தின் பாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபது வருஷச் சர்க்கரை கண்ணை விட்டுவிட்டுச் சிறுநீரகத்தைப் பிடித்துக்கொண்டது. கால் வீக்கம், வாந்தி, ராத்திரி படுத்தால் மூச்சுத் திணறல் என்று போனபோது இரண்டும் கிட்டத்தட்ட நின்றுவிட்டன என்றார்கள்.

முதல் ஐந்து மாதம் கோவைக்குத்தான் போனோம். பெரிய இடம், வரிசையாக முப்பது கட்டில், எல்லாம் புது மெஷின், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் காலை மூன்றரைக்குக் கோத்தகிரியில் கார் ஏறினால்தான் முதல் ஷிப்டுக்குப் போய்ச் சேரலாம். டயாலிசிஸ் முடிந்த கையோடு அப்பாவுக்குப் பிரஷர் இறங்கிவிடும், ஆள் வேப்பெண்ணெய் குடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பின்சீட்டில் படுத்துக்கொள்வார். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் மடியில் பிளாஸ்டிக் பை. ஒரு மழை நாளில் மரம் விழுந்து ரோடு அடைத்து, நடு மலையில் மூன்று மணி நேரம் காருக்குள்ளேயே கிடந்தோம். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், மெஷின் பழசாக இருந்தாலும் சரி, மேலேயே பார்க்கவேண்டும்.

இப்போது கோத்தகிரியிலிருந்து குன்னூர், ஒரு மணி நேரம் பஸ். திங்கள், வியாழன். காப்பீட்டு அட்டை இருப்பதால் பணம் கட்டவேண்டியதில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு என்பதே எங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. அட்டையில் பெயர், வயது சரியாக இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள், எங்களுக்கு ஒரு எழுத்துப் பிழையால் பத்து நாள் போனது.

அந்த நான்கு மணி நேரம் கூட வந்தவர் என்ன செய்வது? வெளியே ஒரு பெஞ்சு, மேலே ஒரு டியூப் லைட். மொபைலில் எவ்வளவு நேரம் வீடியோ பார்ப்பது. ஒருநாள் இந்த மெஷினை யார்தான் கண்டுபிடித்தார் என்று தேடப்போய், இரண்டு மூன்று வாரம் அந்த ஆளை விட்டு வெளியே வர முடியவில்லை. இந்த ரெவியூவில் பாதி அவரைப் பற்றித்தான் இருக்கும். மருத்துவமனை விவரம் மட்டும் வேண்டும் என்பவர்கள் நேராகத் தண்ணீர், கரண்ட் பகுதிக்குத் தாவிக்கொள்ளலாம்.

பெயர் வில்லெம் கோல்ஃப். 1911-ல் நெதர்லாந்தில் லைடன் நகரத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா ஒரு காசநோய் சானடோரியத்தை நடத்திய டாக்டர். நோயாளிகள் சாவதைப் பார்க்கப் பிடிக்காமல் பையன் டாக்டருக்கே படிக்கமாட்டேன், மிருகக்காட்சிசாலை டைரக்டர் ஆவேன் என்றிருக்கிறான். நாட்டிலேயே மூன்று மிருகக்காட்சிசாலைதான் இருக்கிறது, உனக்கு எப்படி வேலை கிடைக்கும் என்று அப்பா கேட்டாராம். இந்த ஒரு கேள்விதான் இன்றைக்கு என் அப்பா உட்கார்ந்து தினத்தந்தி படிப்பதற்குக் காரணம் என்று சொன்னால் மிகையாக இருக்கும், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

1938-ல் கிரோனிங்கன் நகரத்து ஆஸ்பத்திரியில் அவர் இளம் டாக்டர். 22 வயது விவசாயி மகன் ஒருவன் சிறுநீரகம் கெட்டு, கண் தெரியாமல் போய், வாந்தி எடுத்து எடுத்து மெதுவாகச் செத்தான். அவன் அம்மாவிடம் போய் அதைச் சொல்லவேண்டியது கோல்ஃபின் வேலை. அப்போது அவர் போட்ட கணக்கு எளிமையானது. உடம்பில் ஒரு நாளில் சேர்கிற யூரியா என்கிற கழிவு, அந்த இருபது கிராமை எப்படியாவது வெளியே எடுத்துவிட்டால் இந்தப் பையன் பிழைத்திருப்பான். இருபது கிராம் என்பது நம் வீட்டில் சாம்பாருக்குப் போடுகிற உப்பு அளவுதான்.

எப்படி எடுப்பது? இதை அப்பாவுக்கு நான் டீ வைத்துத்தான் விளக்கினேன். டீ பையை வெந்நீரில் போட்டால் சாயம் வெளியே வரும், இலை உள்ளேயே இருக்கும். ரத்தத்தை அந்த மாதிரி மெல்லிய பைக்குள் ஓடவிட்டு, வெளியே உப்புக் கலந்த நீரை வைத்தால் யூரியா மாதிரிச் சின்ன அழுக்கெல்லாம் கசிந்து வெளியே போகும், ரத்த அணுக்களும் புரதமும் பெரிசு, அவை உள்ளேயே நிற்கும். வெளியே இருக்கிற தண்ணீரில் அழுக்கு ஏறிக்கொண்டே போனால் கசிவு நின்றுவிடும், அதனால் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அப்பா கேட்டுவிட்டு, “அப்ப நான் டீ பேக்கா?” என்றார்.

கோல்ஃபுக்குக் கிடைத்த மெல்லிய பை, சாசேஜுக்கு உறையாகப் பயன்படுகிற செல்லோபேன் குழாய். யோசனை புதிது இல்லை. 1913-லேயே அமெரிக்காவில் ஏபெல் என்பவர் நாய்களுக்குச் செய்துகாட்டியிருக்கிறார், ரத்தம் உறையாமல் இருக்க அட்டையிலிருந்து எடுத்த மருந்தைப் போட்டு. (நம் அட்டைதான், மழைக்காலத்தில் தோட்டத்தில் காலில் ஏறுமே அதன் சொந்தக்காரன்.) 1924-ல் ஜெர்மனியில் ஹாஸ் என்பவர் மனிதர்களுக்கே முயன்று பார்த்தார், அவருக்குக் கை கொடுக்கவில்லை. கோல்ஃபின் காலத்தில் செல்லோபேனும் வந்துவிட்டது, ரத்தம் உறையாமல் காக்கிற ஹெப்பாரினும் வந்துவிட்டது. அந்த ஹெப்பாரின்தான் இன்றைக்கும் அப்பாவுக்குப் போகிறது.

அப்புறம் யுத்தம். 1940 மே மாதம் ஜெர்மன் படை நுழைந்தபோது கோல்ஃப் ஒரு துக்கத்துக்காக ஹேக் நகரத்துக்குப் போயிருந்தார். குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே அங்கிருந்த ஆஸ்பத்திரிக்குப் போய், நான்கு நாளில் ஒரு ரத்த வங்கியை அமைத்துக் கொடுத்துவிட்டார். ஐரோப்பாக் கண்டத்தின் முதல் ரத்த வங்கிகளில் அதுவும் ஒன்று. திரும்பி வந்தால், அவருக்கு வழிகாட்டியாக இருந்த யூதப் பேராசிரியர் மனைவியோடு தற்கொலை செய்துகொண்டிருந்தார். அந்த இடத்துக்கு நாஜிக்காரர் ஒருவர் வந்தார். அவர் கீழே வேலை செய்யமாட்டேன் என்று கோல்ஃப் காம்பன் என்கிற சின்ன ஊரின் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

இந்தக் காம்பன் விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பெரிய பல்கலைக்கழகத்தில் நடக்காத காரியம் அங்கே நடந்தது. ஊரில் ஒரு எனாமல் பாத்திரத் தொழிற்சாலை இருந்தது, அதன் டைரக்டர் உதவிக்கு வந்தார். மரச்சட்டங்களால் ஒரு பெரிய உருளை செய்தார்கள். அதைச் சுற்றிச் சுற்றி செல்லோபேன் குழாய். உருளையின் கீழ்ப்பக்கம் உப்புநீர் நிரம்பிய எனாமல் தொட்டியில் முங்கியிருக்கும். உருளை சுழல்கிறபோது குழாயில் இருக்கிற ரத்தம் எப்போதும் தாழ்ந்த பக்கத்துக்கே வரும், நீரில் முங்கிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகரும். சுழல்கிற உருளைக்குள் ரத்தம் கசியாமல் போகவேண்டுமே, அந்த இணைப்புக்கு ஃபோர்டு காரின் வாட்டர் பம்பில் இருக்கிற அமைப்பைப் பார்த்துச் செய்தார்கள். 1943-ல் முதல் நோயாளி.

அந்த மெஷினின் படத்தை அப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “இதென்னடா, நம்ம பாக்டரில தூள் உருட்டுற ட்ரம்மு மாதிரி இருக்கு. ஒரு ஃபிட்டரும் ஒரு ஆசாரியும் குடுத்திருந்தா நானே செஞ்சிருப்பேன்.” செய்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன், பழைய ரோலரை அவர் ஓட்டவைத்த கதை தனி.

மெஷின் செய்ததை விடப் பெரிய விஷயம், அது தோற்றுக்கொண்டே இருந்தபோது அவர் நிறுத்தாதது. முதலில் போட்ட பதினாறு பேரில் ஏறக்குறைய எல்லோருமே இறந்துபோனார்கள். வந்தவர்கள் எல்லாம் சாகும் தறுவாயில் வந்தவர்கள், ஆனாலும் பதினாறு. நம் ஊரில் மூன்றாவது சாவிலேயே கண்ணாடியை உடைத்திருப்பார்கள். பதினேழாவது ஆள் 67 வயது சோஃபியா ஷாஃப்ஸ்டாட், 1945 செப்டம்பர். நாஜிகளுக்கு வேண்டியவள் என்று ஊரே காறித்துப்பிய பெண், சிறையிலிருந்து கொண்டுவந்தார்கள். யுத்தம் முழுக்க நாஜிகளை ஏமாற்றி ஆட்களை ஆஸ்பத்திரியில் ஒளித்துவைத்த அதே கோல்ஃப், இவளுக்கு மெஷினைப் போட்டார். பதினொரு மணி நேரம் கழித்து நினைவு திரும்பியது. கண் விழித்ததும் புருஷனை விவாகரத்து பண்ணப்போகிறேன் என்றாளாம், சொன்னபடி செய்தும்விட்டாளாம். அப்புறமும் பல வருஷம் இருந்து, வேறு ஏதோ நோயில்தான் போனாள்.

யுத்தம் முடிந்ததும் செய்துவைத்திருந்த மெஷின்களை லண்டன், நியூயார்க், மான்ட்ரியல் ஆஸ்பத்திரிகளுக்குச் சும்மா கொடுத்துவிட்டார். காப்புரிமை எடுக்கவில்லை.

சரி, இப்போது தண்ணீரும் கரண்டும்.

டயாலிசிஸ் என்றால் ரத்தம் என்று நினைக்கிறோம். நடத்துகிறவர்களைக் கேட்டால் தண்ணீர் என்பார்கள். நிமிஷத்துக்கு 500 மில்லி, நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர், ஒரே ஒரு ஆளுக்கு. அதுவும் ஆர்.ஓ.வில் சுத்தம் செய்த தண்ணீர், அதில் கழித்துவிடுகிற தண்ணீர் கணக்கு வேறு. குன்னூரில் கோடையில் ரேலியா அணை வற்றினால் வீட்டுக் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இந்த இடத்தில் ஏப்ரல், மே இரண்டு மாதமும் லாரித் தண்ணீர் வாங்கி ஓட்டினார்கள், ஒரு ஷிப்டைக்கூட ரத்து செய்யவில்லை. இதற்கு முழு மார்க். தண்ணீர் பரிசோதனை ரிப்போர்ட்டைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள், தேதியோடு. கோவையில்கூட நான் இதைப் பார்க்கவில்லை, கேட்கவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

டயலைசரை, அதாவது மெஷினில் மாட்டி ரத்தத்தை வடிகட்டுகிற குழாயை, கழுவி அதே ஆளுக்குத் திரும்பப் போடுவது இங்கேயும் உண்டு, பல இடங்களில் உண்டு. பயப்படவேண்டாம், ஆனால் கேளுங்கள். இங்கே ஒவ்வொன்றிலும் பெயரும் எத்தனையாவது தடவை என்பதும் எழுதியிருக்கும், மாட்டுவதற்கு முன்னால் அப்பாவிடம் காட்டிப் பெயரைப் படிக்கச் சொல்வார்கள். மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கிறவர்களுக்குத் தனி மெஷின், ஐந்தில் ஒன்று, தடுப்புக்கு அந்தப் பக்கம்.

கரண்ட்தான் பிரச்சினை. போன நவம்பர் மழையில் ஒருநாள், இரண்டாவது மணி நேரத்தில், விளக்கு போனது. மெஷின் பேட்டரியில் கொஞ்ச நேரம் ரத்த பம்ப் ஓடும், அதற்குள் ஜெனரேட்டர் வந்துவிடும் என்று எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். வரவில்லை. டீசல் நிறைய இருந்தது, அதை ஸ்டார்ட் செய்கிற பேட்டரி செத்துப்போயிருந்தது. கடைசியாக எப்போது ஓட்டிப் பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. ஐந்து மெஷினும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தது. இருந்தது டெக்னீஷியன் ஒருவர், சிஸ்டர்கள் இரண்டு பேர். ஐந்து ஆளின் ரத்தம் குழாயில் வெளியே நிற்கிறது, நின்றால் உறையும்.

அந்தத் தம்பி கூடலூர்ப் பையன், இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். பம்பில் கைப்பிடியை மாட்டிக் கையாலேயே சுற்ற ஆரம்பித்தார். சிஸ்டர்கள் ஆளுக்கொரு மெஷின். நான்காவது மெஷினை என்னிடம் கொடுத்து, “அண்ணே, இந்த வேகத்துல, நிறுத்தாம, இந்தப் பக்கமாத்தான்” என்றார். ஐந்தாவது கட்டிலில் இருந்தவரின் மகள் அவருக்கு. மொபைல் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு அவரவர் ரத்தத்தை அவரவருக்குத் திருப்பிக் கொடுத்து, மூடி, ஊசியை எடுத்து முடிக்க இருபது நிமிஷம். கையால் உருளையைச் சுற்றிக்கொண்டு காம்பனில் நிற்பது போல இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்கு அப்போது கோல்ஃபும் நினைவில்லை, எவரும் நினைவில்லை, கை நடுங்கிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் நிர்வாகத்துக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இப்போது வாரம் ஒருமுறை ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள். மலையில் எந்த இடத்தில் சேர்ந்தாலும் முதல் நாளே அந்த நோட்டைக் கேளுங்கள். மெஷின் எந்தக் கம்பெனி என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது குளிர். டிசம்பர், ஜனவரியில் விடிகாலை புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடக்கும், அந்த நேரத்தில் குழாயில் வருகிற தண்ணீரை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர மெஷினுக்கே நேரமாகிறது, ஏழு மணி ஷிப்ட் ஏழே முக்காலுக்குத்தான் தொடங்கும். ரத்தம் வெளியே குழாயில் சுற்றி வருவதால் ஆட்களுக்கு நடுக்கம் எடுக்கும். அறையில் ஒரே ஒரு ஹீட்டர், அதுவும் டெக்னீஷியன் நாற்காலி பக்கம். கம்பளி, குல்லா, சாக்ஸ் எல்லாம் நீங்களே கொண்டுபோகவேண்டும். ஸ்வெட்டரின் இடது கையை மட்டும் வெட்டி ஜிப் வைத்துத் தைத்துக்கொண்டோம், ஊசி போடும் கை அதுதானே. பக்கத்துக் கட்டில்காரர் இரண்டு பேர் பார்த்துவிட்டு அதேபோல் தைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கையைப் பற்றியும் சொல்லவேண்டும். கோல்ஃபின் மெஷின் மட்டும் இருந்திருந்தால் என் அப்பா பிழைத்திருக்கமாட்டார். அப்போதெல்லாம் ஒவ்வொரு தடவையும் ஒரு ரத்தக்குழாயை அறுத்துத் திறக்கவேண்டும். சில தடவைக்கு மேல் உடம்பில் இடம் இருக்காது. திடீரென்று சிறுநீரகம் நின்று, கொஞ்ச நாளில் தானே எழுந்துகொள்ளும் ஆட்களுக்குத்தான் அது உதவியது. 1960-ல் சியாட்டிலில் ஸ்க்ரிப்னர் என்கிற டாக்டர் டெஃப்லானில் ஒரு சின்னக் குழாய் செய்து கையிலேயே நிரந்தரமாக வைத்தார், அவருடைய முதல் நோயாளி பதினொரு வருஷம் வாழ்ந்தார். 1966-ல் நியூயார்க் டாக்டர்கள் கையில் தமனியையும் சிரையையும் இணைத்துவிட்டால் போதும் என்று காட்டினார்கள். அதுதான் பிஸ்டுலா. அப்பாவின் மணிக்கட்டுக்கு மேலே கை வைத்தால் உள்ளே பூனை உறுமுவது போல் இருக்கும். காலையில் எழுந்ததும் முதல் வேலை அதைத் தொட்டுப் பார்ப்பது, உறுமல் இருக்கிறதா என்று. கோவையில் ஊசி போடத் தினம் ஒரு ஆள், இரண்டு முறை கை வீங்கிக் கறுத்துப்போனது. இங்கே கூடலூர்த் தம்பி ஒருவர்தான், பதினான்கு மாதத்தில் ஒரே ஒருமுறை தவறியது. அவர் லீவு எடுத்தால் அப்பாவும் லீவு கேட்கிறார். இது நல்லதா கெட்டதா தெரியவில்லை, ஒரே ஆளை நம்பி ஒரு பிரிவு ஓடுவது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

கழிவறையைப் பற்றி ஒரு வார்த்தை: மோசம். கேன்டீன் கிடையாது. படிக்கட்டு பதினெட்டு, சாய்தளம் இல்லை, பிரஷர் இறங்கிய ஆளைப் பிடித்து இறக்கிக்கொண்டு வருவது பெரிய பாடு. டாக்டர் வாரத்தில் ஒருநாள்தான் கீழேயிருந்து வருகிறார், மற்ற நாளில் போனில். வாகனம் நிறுத்த இடம் இல்லை, ஆட்டோவே மேல்.

சாப்பாட்டு விஷயத்தில் மூத்த சிஸ்டர் கொடுத்த அறிவுரை எந்த டயட் சார்ட்டிலும் கிடைக்காது. கோவையில் கொடுத்த அச்சடித்த தாளில் இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது என்றிருந்தது. நாங்கள் மலையில் தின்பது உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் அவரையும். பொட்டாசியம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, ஏறினால் இதயமே நின்றுவிடும். உருளையைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, வேறு தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துவிட்டு வாரத்துக்கு ஒருநாள் கொஞ்சம் என்று சொல்லிக்கொடுத்தார். அம்மாவுக்கு அது புரிந்தது. டீதான் போர். முப்பது வருஷம் பாக்டரியில் நாளைக்குப் பத்து டம்ளர் குடித்த ஆளுக்கு இப்போது எல்லா நீரும் சேர்த்து ஒரு லிட்டருக்குள். சின்ன எவர்சில்வர் டம்ளரில் அரை டம்ளர், ஒரு நாளைக்கு மூன்று. நான்காவது டீயை அவர் யார் வீட்டில் குடிக்கிறார் என்று திங்கட்கிழமை எடை மெஷின் காட்டிக்கொடுத்துவிடும்.

கோல்ஃபிடம் திரும்பி வருகிறேன், ஒரு காரணத்துக்காக. 1950-ல் அமெரிக்காவில் கிளீவ்லாந்துக்குப் போனார். பழச்சாறு டப்பாவில் குழாயைச் சுருட்டி, ஒரு தடவை போட்டுத் தூக்கிப்போடுகிற சிறுநீரகம் செய்தார். வீட்டிலேயே செய்துகொள்ள துணி துவைக்கிற மெஷினை வைத்து முயன்றார். சிறுநீரக மெஷினில் ஓடும்போது ரத்தம் சிவப்பாகி வருவதைக் கவனித்து, சவ்வு வழியாக ஆக்சிஜன் ஏற்றுகிற செயற்கை நுரையீரலுக்குப் போனார். 1957-ல் அகுட்சு என்கிற ஜப்பானிய டாக்டரோடு சேர்ந்து ஒரு நாய்க்குச் செயற்கை இதயம் வைத்து ஒன்றரை மணி நேரம் உயிரோடு வைத்தார். 1967-ல் யூட்டா போய், கை, கண், காது என்று ஒன்றையும் விடவில்லை. தன்னிடம் வேலை செய்த இளைஞர்களின் பெயரைத்தான் இதயங்களுக்கு வைப்பார். ஜார்விக்-7 அப்படி வந்த பெயர்.

அந்த ஜார்விக்-7-ஐ 1982 டிசம்பரில் பார்னி கிளார்க் என்கிற பல் டாக்டருக்கு வைத்தார்கள். 112 நாள் இருந்தார். நெஞ்சிலிருந்து இரண்டு குழாய், அதன் முனையில் கட்டிலைவிட்டு நகர முடியாதபடி காற்றடிக்கிற ஒரு பெரிய மெஷின். அவரிடம் ஒரு சாவியையும் கொடுத்திருந்தார்களாம். போதும் என்று தோன்றினால் அவரே மெஷினை நிறுத்திக்கொள்ளலாம் என்று.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அப்பா நாளைக்குப் போகவேண்டாம் என்றார். அடுத்த வாரம் போகலாம் என்ற அர்த்தத்தில் இல்லை. கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது, நாக்கில் இரும்பு ருசி, பேரன் கல்யாணம் வரை என்று யார் கேட்டார்கள், போதும்டா. அம்மா அழுதாள். நான் கத்தினேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கள் காலை எட்டு மணிக்கு போன் வந்தது. அப்பாவின் போனுக்கே. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். “அப்பா, மூணாம் நம்பர் கழுவி ரெடியா இருக்கு. வரலையா?” வரவில்லை என்றார். ஏன் என்று தம்பி கேட்கவில்லை. கால் பிடிப்பா என்று கேட்டார். ஆமாம். “எடை கணக்கு நான்தாம்ப்பா ஒரு கிலோ கம்மியா வெச்சிருக்கேன்னு நினைக்கிறேன், ரெண்டு வாரமா சாப்பாடு நல்லா சாப்பிடுறீங்க, சதை போட்டிருக்கு. அதுக்கும் சேர்த்துத் தண்ணிய இழுத்துட்டேன். டாக்டர்கிட்ட பேசிட்டேன், இன்னைக்கு மாத்திடலாம். ரெண்டாவது ஷிப்டுல இடம் இருக்கு, பதினொண்ணு வரைக்கும் வெச்சிருக்கேன்.” அப்பா ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தார். பத்தே கால் பஸ்ஸுக்கு அவர்தான் முதலில் செருப்பு போட்டார். எடையை ஏற்றி வைத்தபிறகு காலும் அவ்வளவாக இழுப்பதில்லை. சாவி என்னவோ அவர் கையில்தான் இருக்கிறது, அது எனக்குத் தெரியும்.

முப்பது கட்டில் இருந்த இடத்தில் இந்த போன் வந்திருக்காது. அவர்கள் கெட்டவர்கள் என்று இல்லை, ஆள் வரவில்லை என்பதே அங்கே தெரிய மதியமாகியிருக்கும்.

கூடலூர், பந்தலூர் பக்கம் உள்ளே இருப்பவர்களுக்கு வாரம் இரண்டு மூன்று தடவை வருவது நடக்காத காரியம். அவர்கள் வீட்டிலேயே வயிற்றில் திரவம் விட்டு எடுக்கிற சிஏபிடி முறையை டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சுத்தம் முக்கியம், தகரக் கூரை ஒழுகுகிற லைன் வீட்டில் சிரமம், எங்களுக்கு அதனால்தான் ஒத்துவரவில்லை.

மார்க் போடவேண்டுமென்றால்: தண்ணீருக்கும் ஊசிக்கும் ஐந்துக்கு ஐந்து. கரண்டுக்கு நவம்பருக்கு முன் பூஜ்யம், இப்போது மூன்று. கழிவறைக்கு ஒன்று, அதுவும் கதவு இருப்பதால். மொத்தத்தில் நான்கு.

சேருகிறவர்கள் மூன்றாம் நம்பர் மெஷினைக் கேட்டு வாங்குங்கள், ஜன்னல் பக்கம், பனி விலகினால் எதிர்ச் சரிவில் காட்டுமாடு மேய்வது தெரியும். திங்கள், வியாழன் மட்டும் கேட்காதீர்கள்.